ஒன்பதாம் எண் சட்டை யாருக்கு?

ஆஃப்சைடு விதி மாறியபோதெல்லாம் கால்பந்தின் சென்டர் ஃபார்வர்டும் மாறினார். அந்த விதியைப் பார்த்துக் கொடி தூக்க ஆளே இல்லாத நம் கடற்கரை மைதானங்களில் அவர் எப்படி உருவாவார்?

மாப்பிள்ளையூரணியில் மாலை நாலரை மணிக்கு முன்னால் மைதானத்தில் கால் வைக்க முடியாது. தரை அப்படிக் கொதிக்கும். தூத்துக்குடி மாநகரத்தை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் வீடுகள் நெருக்கிக்கொண்டு வருகின்றன, மறுபக்கம் உப்பளம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பந்தைத் தூக்கி அடித்தால் அது அடித்தவன் பக்கமே திரும்பிவிடும். அதனால் இங்குள்ள பையன்கள் பந்தைத் தரையோடு உருட்டி ஆடவே பழகியிருக்கிறார்கள்.

நான் போன அன்று ஏழு பேருக்கு ஏழு பேர் ஆட்டம். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்புகள். பாதிப் பேர் காலில் ஷூ இல்லை. வெளிர்நீலச் சட்டையில் 9 என்ற எண்ணும் ஹாலண்ட் என்ற பெயரும் போட்ட ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கலாம், எதிரணி கோல்கீப்பருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆட்டம் எந்த மூலையில் நடந்தாலும் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. “எலே, போடுலே!” என்று கையை மட்டும் உயர்த்துவான். பந்து வரும். தட்டிவிடுவான். அரை மணி நேரத்தில் நாலு கோல்.

“அது ஆஃப்சைடு இல்லையா அண்ணாச்சி?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். இளவயதில் இந்தப் பக்கத்து அணிகளுக்கு ஆடியவர். இப்போது துறைமுகத்தில் வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காமல்.

“செவன்ஸ்ல ஏது தம்பி ஆஃப்சைடு? அதுவும் போக, கொடி தூக்க இங்க யாரு இருக்கா?” என்றவர், கொஞ்ச நேரம் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த மைதானத்துல இவன் நூறு கோல் போட்டிருப்பான். ஆனா தருவை மைதானத்துக்கு லெவன்ஸ் ஆடப் போனா ஒரு கோல் வராது. பேக்குக்குப் பின்னால எப்ப ஓடணும்னு இவனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. தப்பு இவன் பேர்ல இல்ல.”

அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. கடந்த 150 ஆண்டுகளில் சென்டர் ஃபார்வர்டு எத்தனையோ முறை உருமாறியிருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருந்தது: தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்துக்குள் யார், எப்போது, எப்படி நுழைவது? அந்தக் கேள்வியைச் சந்திக்காமலேயே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இந்திய அணி கோல் அடிக்க ஆள் கிடைக்காமல் தவிப்பதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

மூன்று பேர் இரண்டு பேர் ஆனபோது

1866-ல் இங்கிலாந்தில் வந்த விதி இது. பந்து முன்னோக்கிப் போடப்படும்போது, வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு. அந்தக் காலத்து அணிகள் 2-3-5 என்ற அமைப்பில் ஆடின. பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்டு. ஐவரில் நட்ட நடுவில் நின்றவர்தான் சென்டர் ஃபார்வர்டு. பின்னாளில் சட்டைக்கு எண் கொடுத்தபோது கோல்கீப்பரில் தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். பேக் இருவருக்கு 2, 3. ஹாஃப் மூவருக்கு 4, 5, 6. முன்வரிசைக்கு 7 முதல் 11. நடுவில் நின்றவருக்கு 9 விழுந்தது. உலகம் முழுக்கப் பையன்கள் இன்றும் சண்டை போட்டு வாங்கும் அந்த எண், இப்படி இடத்துக்கு ஏற்ப விழுந்ததுதான்.

மூன்று பேர் விதியில் ஃபார்வர்டுகள் மூச்சுமுட்டிப் போனார்கள். ஒரு பேக் முன்னேறி வந்து நின்றாலே போதும், எதிரணியின் பாதி ஆட்டம் செத்துவிடும். நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். ஆட்டம் சலிப்புத் தட்டியது. 1925-ல் மூன்று பேர் என்பதை இரண்டு பேர் என்று மாற்றினார்கள். விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25-ல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த ஆண்டு 1,703. ஆடிய அணிகளின் எண்ணிக்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் மாறவில்லை, மாறியது ஒரே ஒரு விதி.

அந்தத் திறந்த வெளியில் ராஜா மாதிரி நடந்தவர் எவர்டன் அணியின் டிக்ஸி டீன். 1927-28 லீக்கில் 39 ஆட்டங்களில் 60 கோல். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியும் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் ஒன்றில் முதன்முறையாக, 1933-ல், எண் போட்ட சட்டைகளோடு அணிகள் இறங்கியபோது, டீன் முதுகில் இருந்தது 9.

ஃபார்வர்டுக்கு வழி திறந்ததும் அதை அடைக்கவும் ஒருவர் வந்தார். 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்ற ஆர்சனல் அணி, நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கும் நடுவில் நிறுத்தியது. பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன். இன்று நாம் ஸ்டாப்பர் என்று சொல்லும் ஆள் இப்படித்தான் பிறந்தார். சென்டர் ஃபார்வர்டை நிழல்போல ஒட்டிக்கொண்டு திரிவதே அவர் வேலை. ஐந்தாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் தொடங்கிய அந்த மல்யுத்தம் இன்னும் முடியவில்லை.

வெம்ப்ளியில் காணாமல் போன ஒன்பது

நிழல் ஒட்டிக்கொண்டே வந்தால் என்ன செய்வது? முட்டி மோதுவது ஒரு வழி. இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவது இன்னொரு வழி. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் சிண்டலார் இரண்டாவது வழியைக் காட்டினார். காகித மனிதர் என்று ஊரார் பெயர் வைக்கும் அளவுக்கு ஒல்லியான உடம்பு. ஸ்டாப்பரோடு மோதினால் அவர்தான் விழுவார். அதனால் மோதவே இல்லை. பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கினார், மற்றவர்களுக்கு வழி திறந்தார்.

அந்த எண்ணம் உலகத்தையே அதிரவைத்த நாள் 1953 நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி மைதானம். ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. எதிரே ஹங்கேரி. அதன் ஒன்பதாம் எண் நாண்டோர் ஹிடெகுட்டி. இங்கிலாந்தின் ஸ்டாப்பர் ஹாரி ஜான்ஸ்டன், வழக்கம்போல ஒன்பதாம் எண்ணைத் தேடினார். அந்த எண் போட்டவரோ நடுக்களத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஜான்ஸ்டன் நிலையை நினைத்துப் பாருங்கள். ஹிடெகுட்டியைத் துரத்திக்கொண்டு முன்னே போனால், பின்னால் அவர் விட்டுச்சென்ற பள்ளத்தில் புஸ்காஸும் கோச்சிஸும் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றால், ஹிடெகுட்டி தடுப்பாரின்றிப் பந்தைக் கொண்டுவந்து அடிப்பார். எதைச் செய்தாலும் தப்பு. முதல் நிமிடத்திலேயே ஹிடெகுட்டி கோல் அடித்தார். மொத்தம் மூன்று. ஆட்டம் 6-3. அடுத்த மே மாதம் புடாபெஸ்ட்டில் பழிதீர்க்கப் போன இங்கிலாந்து 7-1 என்று தோற்றுத் திரும்பியது.

சட்டை எண் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்லாது என்று அன்றுதான் கால்பந்து உலகம் படித்துக்கொண்டது. ஐந்தே ஆண்டுகளில் பிரேசில் 4-2-4 என்ற அமைப்போடு உலகக் கோப்பையை வென்றது. முன்வரிசை நடுவில் ஒருவருக்குப் பதில் இருவர், வவாவும் பெலேயும். 1958 இறுதி ஆட்டத்தில் இருவருக்கும் தலா இரண்டு கோல்.

பெலே ஆடிய சாண்டோஸ் ஒரு துறைமுக ஊர். 1894-ல் சார்லஸ் மில்லர் இங்கிலாந்திலிருந்து இரண்டு பந்துகளோடு வந்து இறங்கியது அந்தத் துறைமுகத்தில்தான் என்பது பிரேசில் கால்பந்தின் தொடக்கக் கதை. துறைமுகத்தில் சரக்கோடு சரக்காக ஒரு விளையாட்டும் இறங்கும் என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தலையில் தையலோடு ஒரு ஃபார்வர்டு

நமக்கும் ஒரு காலம் இருந்தது. 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியபோது, வெற்றிக் கோலை அடித்தவர் அதன் சென்டர் ஃபார்வர்டு அபிலாஷ் கோஷ். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு எதிராக ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலில் ஆடிய அணி அது. விடுதலைக்குப் பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை பிரான்சுக்கு எதிராக அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1951 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் ஈரானைச் சாய்த்த ஒரே கோல் சாகு மேவாலாலுடையது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். இந்தியா நான்காம் இடம் பிடித்தது.

ஆனால் சென்டர் ஃபார்வர்டு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், மைதான் படத்தின் வழியாக இன்று பலருக்கும் தெரிந்தவர். அணியின் தூண் ஜர்னைல் சிங், அசைக்க முடியாத ஸ்டாப்பர். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார்.

ஏன்? வாழ்நாளெல்லாம் ஃபார்வர்டைத் தடுத்தவருக்கு, ஸ்டாப்பர் எதைக் கண்டு பயப்படுவார் என்று உள்ளும் புறமும் தெரியும். எந்தப் பக்கத் தோள் திரும்பும், எந்த நொடியில் கண் பந்தின் மேல் போகும், எப்போது முதுகு காட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று, நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்ட பெரும் கூட்டத்தின் நடுவே, இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகவும் அடித்தார். பி.கே. பானர்ஜி இன்னொன்று. 2-1. தங்கம். அடுத்த ஆண்டு ரஹீம் புற்றுநோயால் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் பார்க்கவே இல்லை.

கோல் அடிக்காத உலக சாம்பியன்கள்

ஜெர்மனியின் கெர்ட் முல்லர் குட்டையான, தடித்த தொடைக்காரர். 62 சர்வதேச ஆட்டங்களில் 68 கோல். 1974 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தை வீழ்த்திய கோலை இன்றும் யூடியூபில் பார்க்கலாம். வலப்பக்கமிருந்து பந்து வருகிறது. முல்லர் அதைத் தாண்டி ஓடிவிட்டார், பந்து பின்தங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் வாய்ப்புப் போனதுதான். முல்லர் அப்படியே இடுப்பைத் திருப்பி, ஒரு சின்னத் தட்டு. கோல்கீப்பர் நின்ற இடத்தில் நின்றார். பெட்டிக்குள் கிடைக்கும் ஒரு சாண் இடத்தில் வாழக் கற்றுக்கொண்டவர் அவர்.

பிறகு விதிகள் மறுபடி மாறின. 1990-ல், தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நின்றாலும் ஆஃப்சைடு இல்லை என்றார்கள். ஃபார்வர்டுக்கு அது அரை அடி லாபம். அந்த அரை அடியே கோலாக மாறும். 1992-ல், தன் அணிக்காரர் காலால் திருப்பிக்கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று வந்தது. அதுவரை பேக்கைத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண் ஓட்டம், அவர் பந்தைக் கோல்கீப்பர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக நிற்பார். இப்போது துரத்தினால் பலன் உண்டு. அப்படித்தான் அணியின் கடைசி ஆளாகக் காத்திருந்த சென்டர் ஃபார்வர்டு, முதல் தடுப்பாட்டக்காரராகவும் ஆனார். லிவர்பூலின் ராபர்ட்டோ ஃபிர்மினோ இந்த வேலையை ஒரு கலையாகவே செய்து காட்டினார்.

1998-ல் பிரான்சு உலகக் கோப்பையை வென்றபோது அதன் சென்டர் ஃபார்வர்டு ஸ்டெஃபான் கிவார்ஷ் அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2018-ல் மறுபடி வென்றபோது ஒலிவியே ஜிரூவும் அடிக்கவில்லை. ஆனாலும் ஜிரூ இல்லாமல் பயிற்சியாளர் தெஷாம்ப் இறுதி ஆட்டத்துக்கு இறங்கவில்லை. ஸ்டாப்பர்களைத் தன் முதுகில் கட்டி வைத்திருந்தவர் அவர். அந்த முதுகுக்குப் பின்னால்தான் எம்பாப்பே பறந்தார்.

நடுவில் ஒன்பதாம் எண் மறுபடியும் காணாமல் போனது. 2009 மே 2, மாட்ரிட். பார்சிலோனா பயிற்சியாளர் பெப் குவார்டியோலா, வலப்பக்கம் ஆடிவந்த மெஸ்ஸியை நடுவுக்கு அனுப்பி, பின்னால் இறங்கி வரச் சொன்னார். ரியல் மாட்ரிட்டின் ஸ்டாப்பர்கள் இருவருக்கும் 56 ஆண்டுகளுக்கு முன் ஜான்ஸ்டனுக்கு வந்த அதே சங்கடம். துரத்துவதா, நிற்பதா? 6-2. மூன்று ஆண்டுகள் கழித்து யூரோ 2012 இறுதியில் ஸ்பெயின், நடுக்கள வீரரான ஃபாப்ரிகாஸை ஒன்பதாம் எண் இடத்தில் நிறுத்தி இத்தாலியை 4-0 என்று வென்றது. சென்டர் ஃபார்வர்டின் காலம் முடிந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை.

முடியவில்லை. எல்லோரும் பின்னால் இறங்கி வந்தால் பெட்டிக்குள் யார் இருப்பார்? ஸ்டாப்பர்களும் பாடம் படித்துவிட்டார்கள். துரத்தாமல், கோல் கம்பத்துக்கு முன்னால் சுவராக நின்றார்கள். கடைசியில் அதே குவார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு எர்லிங் ஹாலண்டைக் கொண்டுவந்தார். 2022-23-ல் 36 லீக் கோல், மூன்று கோப்பைகள். ஒன்பதாம் எண்ணை எடுத்துவிட்டு உலகை வென்றவர், ஒன்பதாம் எண்ணைத் திரும்ப வைத்தும் வென்றார். ஹாலண்டின் ஆட்டத்தை உற்றுப் பாருங்கள். பந்து காலில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் ஸ்டாப்பரின் முதுகுப் பக்கம் நின்று, அவர் தலை திரும்பும் நொடிக்காகக் காத்திருக்கிறார். தலை திரும்பியதும் ஓட்டம்.

மாப்பிள்ளையூரணிப் பையன் முதுகில் இருந்தது அந்தப் பெயர்தான். அந்த ஓட்டம் மட்டும் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

விங் நிறைய, நடுவில் யார்?

தமிழ்நாடு தந்த வீரர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், இடதுகாலில் மந்திரம் வைத்திருப்பவர். இடம்: விங். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானைச் சாய்த்த ஒரே கோலை அடித்து ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைத் தெருவில் ஆடவைத்த நந்தகுமார் சேகரும் விங்தான். கொல்கத்தா மறக்காத கலியா குலோத்துங்கன் நடுக்களம். தனபால் கணேஷ் நடுக்களம். மோகன்ராஜ் பேக். தர்மராஜ் ராவணன் ஸ்டாப்பர். எல்லோரும் நம் பெருமைகள். ஆனால் இந்த வரிசையில் ஒன்பதாம் எண் எங்கே?

இல்லாமல் இல்லை. தேசிய கால்பந்து லீக்கின் இரண்டாவது பருவமான 1997-98-ல் அதிக கோல் அடித்தவர் நம் ராமன் விஜயன். இந்தியன் வங்கிக்கு ஆடி இந்திய அணி வரை போனவர் சபீர் பாஷா. அண்மைக் காலத்தில் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். 2022 டுராண்ட் கோப்பை இறுதியில் மும்பைக்கு எதிராக பெங்களூருவின் முதல் கோல் அவருடையது. அந்தப் பருவத்தில் ஐ.எஸ்.எல்.-லின் வளரும் வீரர் விருதும் வாங்கினார். ஆனால் ஒரு மாநிலத்துக்கு, முப்பது ஆண்டுகளுக்கு, விரல் விட்டு எண்ணும் இந்தப் பெயர்கள் போதாது.

நாட்டின் நிலையும் இதுதான். 2014 முதல் 2024-25 வரை ஐ.எஸ்.எல்.-லில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒருமுறைகூட இந்தியருக்குப் போகவில்லை. சென்னையின் எஃப்.சி.க்காக அதை வாங்கிய எலானோ பிரேசில்காரர், மென்டோசா கொலம்பியர், வால்ஸ்கிஸ் லித்துவேனியர். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணிக்கு 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியும் வெளிநாட்டவர். களத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம் என்றால், கிளப்புகள் முதலில் வாங்குவது ஒரு ஸ்டாப்பரையும் ஒரு சென்டர் ஃபார்வர்டையும்தான். அவர்களைக் குறைசொல்ல முடியாது, தோற்றால் பயிற்சியாளர் வேலை போகும். ஆனால் விலை கொடுப்பது இந்திய அணி. 94 கோல்களோடு 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். வந்தார், மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோலும் அடித்தார். அவர் மேல் நமக்கு எவ்வளவு மரியாதை வருகிறதோ, அவ்வளவு கவலையும் வர வேண்டும். 140 கோடி பேருக்கு அடுத்த ஒன்பது கிடைக்கவில்லை.

பெண்கள் இந்தப் பக்கம் நமக்குத் தெம்பு தருகிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியானாவையும் வென்று இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தொடர்ந்து ஆட வாய்ப்புக் கிடைத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடற்கரையில் என்ன குறை?

ஆர்வத்தில் குறை இல்லை. மாப்பிள்ளையூரணிக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கரையில் கால்பந்துக்கு எவ்வளவு மரியாதை என்று. கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர் சுற்றுவட்டாரத்தில் கடற்கரை மணலிலேயே பிள்ளைகள் பந்தோடு வளர்கிறார்கள்.

குறை வேறு இடத்தில். செவன்ஸ் ஆட்டம் காலுக்கு நல்லது. நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றக் கற்றுத்தருகிறது, விங்கில் வெட்டித் திரும்பக் கற்றுத்தருகிறது. நம் வீரர்கள் விங்கிலும் நடுக்களத்திலும் மின்னுவது அதனால்தான். ஆனால் ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் ஓட்டத்தின் நேரம் பழகாது. நிற்பவனுக்கே பந்து வந்துவிட்டால் ஓட வேண்டிய தேவை என்ன? அண்ணாச்சி அதைத் தன் பாணியில் சொன்னார்.

“எங்க தாத்தா முத்துக்குளிக்கப் போனவர். குளியாளுக்கு மூச்சு ஒண்ணுதான் தம்பி. பார் எங்க இருக்குன்னு தெரியாம இறங்குனா மூச்சும் போச்சு, முத்தும் போச்சு. சென்டர் பார்வர்டும் அப்படித்தான். ஓட்டம் ஒண்ணு. அதை எப்ப செலவழிக்கணும்னு தெரியணும்.”

1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு இல்லை. அந்த மூச்சுக் கணக்கு மட்டும் ஒரு பேரன் வழியாக மைதானத்துக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது குறை, நம் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட். தோற்றால் அன்றே பஸ் ஏற வேண்டியதுதான். சென்டர் ஃபார்வர்டு என்பவர் பத்து வாய்ப்பில் எட்டைத் தவறவிட்டுத்தான் வளர்வார். டீனும் முல்லரும் வாரம் தவறாமல் லீக் ஆடி உருவானவர்கள். ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்றால், எந்தப் பயிற்சியாளர் தவறவிடும் பையனை நடுவில் நிறுத்துவார்? வயதில் மூத்த, உடம்பு உள்ள ஒருவரை நிறுத்திவிட்டு, சின்னப் பையனை விங்குக்குத் தள்ளிவிடுவார்.

ஆக, கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. பதின்மூன்று வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு வாரம் ஒரு முறையாவது முழு மைதானத்தில் லெவன்ஸ். பள்ளிகளுக்கும் ஊர் அணிகளுக்கும் மூன்று மாதமாவது நடக்கும் ஒரு லீக். ஒவ்வொரு மைதானத்துக்கும் விதி தெரிந்து கொடி தூக்க இரண்டு பேர். ஆடி முடித்த அண்ணன்மார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களை நடுவர் பயிற்சிக்கு அனுப்பினால் போதும். துறைமுகமும் பெரிய ஆலைகளும் உள்ள மாவட்டத்துக்கு இது தாங்க முடியாத செலவா? என் மனதில் இதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது: இல்லை.

வெயில் இறங்கியதும் அண்ணாச்சி ஆட்டத்தை நிறுத்தினார். “இனி பத்து நிமிசம், ஆஃப்சைடு உண்டுலே” என்றார். பையன்கள் முணுமுணுத்தார்கள். தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, ஓரத்தில் நிற்கச் சொன்னார். “கடைசி பேக்குக்கு நேரா நில்லுங்க தம்பி. அவனுக்கு முன்னால இவன் போனா தூக்குங்க.”

வெளிர்நீலச் சட்டை பழைய இடத்திலேயே நின்றது. பந்து வந்தது, துண்டைத் தூக்கினேன். கோபமாகப் பார்த்தான். இரண்டாம் முறை சற்று முன்னால் வந்து நின்று, பந்து கிளம்பும் முன்பே ஓடினான். தூக்கினேன். மூன்றாம் முறை ஓடவா வேண்டாமா என்று தயங்கி, பந்தைத் தவறவிட்டான்.

நாலாம் முறை பேக்கின் பக்கத்தில் வந்து, அவன் தோளோடு தோள் ஒட்டி நின்றான். பந்து இருந்த பக்கம் பேக் தலையைத் திருப்பினான். நடுக்களத்தில் கால் பந்தைத் தொட்ட அதே நொடியில் ஒன்பதாம் எண் கிளம்பியது. வறண்ட தரையில் புழுதி எழுந்தது. என் கையில் இருந்த துண்டு கீழேயே கிடந்தது.